ஏழு நாற்பது வண்டி: இரண்டாம் பாகம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்னி ஷோவில் உட்கார்ந்து நான் அழுதேன். ஹீரோவுக்காக அல்ல... ஊரையே தரைமட்டமாக்கப் பார்த்த வில்லனுக்காக.

சூப்பர் ஹீரோ படம் ஒன்றின் இரண்டாம் பாகம் அது. தமிழ் டப்பிங். விழுப்புரத்தில் டிக்கெட் கிடைக்கவில்லை. என் மனைவி கலைச்செல்வி விடுவதாக இல்லை. அவள் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை. வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளை 'குதிக்காதே, உட்கார்' என்று அதட்டுகிறவள், வானத்தில் குதிக்கிற ஹீரோ என்றால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள். திண்டிவனத்தில் இரண்டு டிக்கெட் புக் செய்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் பாகம் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் வில்லன் வருவான், சிரிப்பான், இடிப்பான். ஏன் இடிக்கிறான் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. இந்தப் பாகத்தில் வந்தவன் வேறு மாதிரி. பாலம் கட்டுகிற இன்ஜினியர். முதல் பாகத்தில் ஹீரோ பறந்து பறந்து சண்டை போட்டபோது ஒரு பாலம் உடைந்து விழுந்தது... நாமெல்லாம் விசிலடித்த சீன். அந்தப் பாலத்தைக் கட்டியவனே இவன்தானாம். அன்றைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஆம்புலன்ஸ் நின்றிருக்கிறது. உள்ளே இவனுடைய மனைவி. ஆம்புலன்ஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். நாம் கை தட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், திரைக்கு வெளியே இப்படி ஒன்று நடந்திருக்கிறது. நமக்கு யாருமே சொல்லவில்லை!

அப்புறம் ஒரு சின்ன சீன். நகரத்தையே தகர்க்க எல்லாம் தயார். வில்லன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறான். வாசல் வரை வந்தவன் திரும்பி உள்ளே போகிறான். எதற்கு? கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க. அரை மணி நேரத்தில் அந்தத் தெருவே இருக்கப்போவதில்லை, இவன் நாப்பைத் திருகிச் சரி பார்க்கிறான். மனைவி இருந்தவரை தினமும் சொல்லிக்கொண்டிருந்த விஷயமாம் அது. நான் அழுதேவிட்டேன். கலைச்செல்வி கர்ச்சீப்பை எடுத்தாள். எனக்கு இந்தப் பக்கத்து சீட்டில் இருந்த மனிதர் தேம்பியே அழுதார்.

இன்டர்வெல். விளக்குப் போட்டார்கள். என்னைப் போலவே இன்னொரு இளகிய மனதா என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தேன்.

ஏழு நாற்பது வண்டி கண்டக்டர்!

என் வாரப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் முன்கதை. நான் விழுப்புரத்துக்காரன், திண்டிவனத்தில் வேலை. எப்போதும் ரயிலில்தான் போவேன். நாலைந்து மாதத்துக்கு முன் ஒரு நாள் ரயிலைக் கோட்டைவிட்டு, காலை ஏழு நாற்பதுக்கு விழுப்புரத்தில் எடுக்கிற பஸ்ஸில் ஏறினேன். விக்கிரவாண்டியில் ஒருவர் பஸ்ஸை நோக்கி ஓடி வந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, கக்கத்தில் ஒரு ஃபைல். பார்த்தாலே தெரிந்தது, இன்டர்வியூவுக்குப் போகிற ஆள். கையை ஆட்டுகிறார். கண்டக்டர் பார்க்கிறார். நன்றாகவே பார்க்கிறார். பார்த்துவிட்டு விசில் ஊதினார். பஸ் கிளம்பிவிட்டது.

விடுவேனா? அந்த வாரமே இதே பத்தியில் கிழி கிழியென்று கிழித்தேன். 'ஒரு விசிலில் ஒருவருடைய வேலை போயிற்று' என்று எழுதினேன். பஸ்ஸுக்குள் இருந்த நாற்பது பேரும் வாயைத் திறக்கவில்லை என்று அவர்களையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். கண்டக்டர் பெயரைப் போடவில்லை. நாகரிகம் தெரிந்த ஆள் அல்லவா நான்? வண்டியின் நேரத்தை மட்டும் போட்டேன்.

அதுதான் தப்பு. எங்கள் பக்கத்தில் பஸ்ஸுக்குப் பெயர் கிடையாது, நம்பர் கிடையாது... நேரம்தான். 'அவன் யாரு, ஒன்பது பத்து வண்டி டிரைவர் மச்சானா?' என்றுதான் பேசிக்கொள்வார்கள். வண்டியின் நேரத்தைப் போட்டால், ஒருவருடைய பெயரையும் தெருவையும் கதவு நிறத்தையும் போட்டதற்குச் சமம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை.

பத்தி ஓகோவென்று போனது. வாட்ஸ்அப்பில் எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள், யார் எழுதியது என்று தெரியாமலே.

இப்போது அந்த மனிதர் என் பக்கத்து சீட்டில். பத்தியின் தலையில் என் போட்டோ இருக்கிறது. இளமைக் காலத்து போட்டோதான் என்றாலும், மூக்கு அதே மூக்கு. நான் மெதுவாக முகத்தை கலைச்செல்வி பக்கம் திருப்பினேன். "சார், நீங்க பத்தி எழுதுறவருதான?" என்று குரல் கேட்டது.

ஆமாம் என்று சொல்வதைத் தவிர வேறு வழி? சண்டைக்குத் தயாராகி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சண்டை போடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாப்கார்ன் பொட்டலத்தை நீட்டினார். நீட்டிய கைக்கு அப்பால், அவருக்கு அடுத்த சீட்டில் ஓர் ஆள் கோன் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. மடியில் ஃபைல்.

அன்றைக்கு ஓடி வந்தவர்!

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் பத்தியின் வில்லனும், என் பத்தியின் பரிதாபத்துக்குரிய ஜீவனும், ஒரே பாப்கார்ன் பொட்டலத்தில் மாற்றி மாற்றிக் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க அண்ணன் சார்" என்றார் கண்டக்டர்.

படத்தின் இரண்டாம் பாதியில் ஹீரோ என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. படம் விட்டதும் டீக்கடையில்தான் எனக்கு மிச்சக் கதை கிடைத்தது. கண்டக்டர் பெயர் ஏழுமலை. அண்ணன் தனசேகர். விக்கிரவாண்டியில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தனசேகர் நன்றாகப் படித்தவர். இளவயதில் புதுச்சேரியில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போய் வந்தார். வந்து சில மாதத்தில் மனம் பேதலித்துவிட்டது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டருக்கே தெரியவில்லையாம். அன்றிலிருந்து தினமும் காலையில் குளித்து, சட்டை தேய்த்து, ஃபைலோடு கிளம்பிவிடுவார். எந்த பஸ் வந்தாலும் ஏறிவிடுவார். எங்கே இறங்குவார் என்று அவருக்கே தெரியாது. ஒரு தடவை மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் காணாமல் போய், மூன்று நாள் கழித்துக் கிடைத்தார். காலில் செருப்பில்லை. கையில் ஃபைல் மட்டும் அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் அந்த ரூட் கண்டக்டர்கள் எல்லோரும் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். தனசேகர் தனியாக வந்தால் யாரும் ஏற்றக் கூடாது. அதிலும் ஏழு நாற்பது வண்டி முக்கியம். தம்பி வண்டி போய்விட்டால், அன்றைய இன்டர்வியூ முடிந்தது என்று அவரே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். கூழைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? தினமும் போகிறவர்கள். எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள், ரயிலைக் கோட்டைவிட்டு வந்த நான். அந்த ஒரே ஆள்தான் பத்தி எழுதுகிறான்!

இதையெல்லாம் முதலிலேயே பத்திரிகைக்கு எழுதிப் போட்டிருக்கலாமே என்று ஏழுமலையிடம் கேட்டேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். தன் மகள் பவித்ராவைப் பற்றிச் சொன்னார். விழுப்புரத்தில் ஒரு லேபில் டெக்னீசியன். கிளியனூரில் மாப்பிள்ளை. எல்லாம் பேசி முடித்து, நாள் குறிக்கிற நேரம். பெண் பார்க்க வந்தபோது, என்ன வேலை என்று கேட்டார்கள். இவரும் பெருமையாக, "ஏழு நாற்பது வண்டி கண்டக்டருங்க" என்று சொல்லிவைத்தார். அப்புறம்தான் என் பத்தி அங்கே போயிருக்கிறது. ஓடி வருகிற மனுஷனுக்கு வண்டியை நிறுத்தாதவன் வீட்டிலா பெண் எடுப்பது என்று மாப்பிள்ளையின் அப்பா யோசிக்கிறாராம். அதற்கப்புறம் போனே இல்லை.

நான் நேரில் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அண்ணனப் பத்தி அவங்களுக்கு நாங்க சொல்லவே இல்ல சார். சொன்னா, இது குடும்பத்துல இருக்குதுனு கல்யாணம் நின்னுடும். சொல்லாட்டியும் நின்னுடும் போலக்கீது. சொல்லாம நின்னா எனக்கு மட்டுந்தான் கெட்ட பேரு. நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன். எங்க அண்ணனுக்கு பைத்தியம்னு பேரு வேணாம்."

சொல்லிவிட்டு, அண்ணன் சட்டையில் ஒழுகியிருந்த ஐஸ்கிரீமைத் துடைத்துவிட்டார்.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் படத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஏன் இந்த மாதிரிப் படங்கள் இப்படிப் பிய்த்துக்கொண்டு ஓடுகின்றன? எனக்குத் தோன்றியது இதுதான். நல்லது செய்ய ஹீரோவுக்குக் காரணம் தேவையில்லை. டிரஸ்ஸை மாட்டினால் போதும். கெட்டவனாக இருக்கத்தான் ஒருவனுக்குக் காரணம் வேண்டியிருக்கிறது. காரணம் என்று வந்துவிட்டால் வீடு வந்துவிடும், மனைவி வந்துவிடுவாள், கேஸ் அடுப்பு வந்துவிடும். நம் வீட்டிலும் அதே அடுப்புதானே! போதாததற்கு, முதல் பாகத்தில் விசிலடித்தவர்கள் நாம். அந்தக் குற்ற உணர்ச்சியைக் கண்ணீராகக் கொட்டிவிட்டு, பார்க்கிங்கில் வண்டியை எடுக்கும்போது நல்லவர்களாகிவிடலாம். டிக்கெட் விலைக்கு இது மலிவுதான்.

ஆனால் எனக்கு அந்த மாதிரி சுலபமாக வெளியே வர முடியவில்லை. பாலத்தை உடைத்த ஹீரோ நான்தான் என்று தெரிந்துபோயிற்று. நீலக் கலர் டிரஸ்தான் இல்லை.

மறுநாளே ஒரு ஐடியா பிடித்தேன். ஓடி வந்தவர் ஒரு பிக்பாக்கெட், அதனால்தான் கண்டக்டர் ஏற்றவில்லை என்று தெரியவந்தது... இப்படி ஒரு திருத்தம் போட்டுவிட்டால்? ஏழுமலை தப்பித்துவிடுவார், கல்யாணமும் நடக்கும். கலைச்செல்வியிடம் சொன்னேன். அவள் சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு தண்டனை கிடையாது.

அந்த வார சனிக்கிழமை ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பவித்ரா என்றாள். அப்பா தியேட்டரில் என்னைப் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"பெரியப்பாவ மறைச்சு வெச்சிக்கினு எனக்குக் கல்யாணம் வேணாம் சார். அவங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, அவரத் தெரிஞ்ச கண்டக்டர் வண்டியில ஏத்தி நாள் பூரா சுத்த விட்டோம். அன்னிக்கே எனக்குச் சோறு எறங்கல. நாளைக்கு அவரக் கூட்டிக்கினு கிளியனூர் போறேன். அப்பாவுக்குத் தெரியாது. ஓடி வந்தவரு அவருதான்னு சாட்சி சொல்ல நீங்க வரணும்."

கலைச்செல்வி எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டாள். வருகிறோம் என்று.

மறுநாள் ஞாயிறு. திண்டிவனத்தில் கிளியனூர் வழியாகப் புதுச்சேரி போகிற பஸ். கண்டக்டருக்கு தனசேகரைத் தெரிந்திருக்கிறது. கை தானாக விசிலுக்குப் போனது. பவித்ரா நாலு டிக்கெட் என்று சொன்ன பிறகுதான் வழிவிட்டார். தனசேகர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஃபைலை மடியில் நிறுத்திக்கொண்டார். வழியெல்லாம் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே வந்தார். அத்தனை வருஷம் கழித்து அவரை உண்மையிலேயே ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். 

மாப்பிள்ளையின் அப்பா ரிட்டையர்டு லைன்மேன். வாசலிலேயே என் மூக்கை அடையாளம் கண்டுகொண்டு ஆளே பூரித்துப்போனார். உள்ளே ஷோகேஸில், பேரன் பொம்மைக்குப் பக்கத்தில், என் பத்தி! வெட்டி, அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் எழுத்தை யாரோ பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அதைக் கிழித்துப் போடச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசிப்பதற்குள் பவித்ரா பேசிவிட்டாள். இவர் என் பெரியப்பா, அதில் ஓடி வருகிறவர் இவர்தான், மனசு சரியில்லாதவர், தொலைந்து போய்விடக் கூடாது என்றுதான் அப்பா ஏற்றவில்லை. இவ்வளவுதான் சொன்னாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வாரா வாரம் பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு அன்றைக்கு வந்தது ஒரே வார்த்தை.

 தனசேகர் எழுந்தார். எதிரில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்... அவருக்கு அது போதும். ஃபைலைத் திறந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

மாப்பிள்ளையின் அப்பா வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு சர்டிபிகேட்டாகப் புரட்டினார். அவசரப்படவே இல்லை. ஓரம் மடங்கியிருந்த ஒன்றை நீவிவிட்டார். மார்க் நல்லா இருக்குது என்றார். உட்காருங்க என்றார். தனசேகர் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் அந்த மனிதர் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பவித்ராவைப் பார்க்காமல் பேசினார்.

"என் தங்கச்சி ஒருத்தி உள்ள கீறாம்மா. இதே மாதிரிதான். உங்கப்பா மாப்பிள்ள வீடு பாக்க வந்த அன்னிக்கு, அவளத் தோட்டத்து ரூம்புல வுட்டுப் பூட்டிட்டோம். கல்யாணம் முடிஞ்ச பிற்பாடு சொல்லிக்கலாம்னு இருந்தோம். உங்கப்பா வண்டிய நிறுத்தலன்னு நான் ஊரெல்லாம் பேசினேன். நாங்க கதவயே பூட்டினவங்க."

உள்ளே திரும்பி, தங்கச்சியைக் கூட்டி வரச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். புதுப் புடவை கட்டிவிட்டிருந்தார்கள். கலைச்செல்விக்கு அருகில் வந்து உட்கார்ந்து, அவள் கை வளையலை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். கலைச்செல்வி கையை எடுக்கவில்லை. அவள் கண் கலங்கியது. எனக்கும்தான், மறைப்பானேன்?

கல்யாணம் தை மாதம். போன வாரம் ஏழுமலை பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே முதல் பெயர் தனசேகர். படிப்பையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில், வளையல் எண்ணிய அந்த அத்தையின் பெயரும் இருந்தது.

எனக்கு மாப்பிள்ளை வீட்டில் ஏக மரியாதையாம். வருகிறவர்களிடமெல்லாம், 'இந்தக் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தாரே, அவர் வர்றாரு' என்று சொல்லி வைத்திருக்கிறார் சம்பந்தி. முதல் பந்தியில் இடமும் ஒதுக்கியிருக்கிறார். எல்லோருக்கும் ஒரு வில்லன் தேவைப்படுகிறது. என் பக்கத்து நியாயத்தை யாராவது மூன்றாம் பாகத்தில் எடுக்கட்டும்.

நேற்று மறுபடியும் ரயிலைக் கோட்டைவிட்டேன். வேண்டுமென்றே என்று கலைச்செல்வி சொல்கிறாள். ஏழு நாற்பது வண்டி. விக்கிரவாண்டியில் தனசேகர் ஓடி வந்தார். ஏழுமலை பார்த்தார், விசில் ஊதினார். புதிதாக ஏறிய ஒருவர் கொதித்துப் போய், "இந்த ஆளப் பத்தி பேப்பர்லயே வந்துது சார், அப்பவும் திருந்தல பாருங்க" என்று என்னிடம் சொல்லி, போனை எடுத்துக் காட்டினார். என் பத்திதான். இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏழுமலைக்கும் அது காதில் விழுந்தது. அவர் அந்த ஆளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

திண்டிவனத்தில் இறங்கும்போது அவரிடம் கேட்டேன், எல்லாவற்றையும் எழுதிவிடட்டுமா என்று. அண்ணன் பேரும் வருமா என்றார். நீங்கள் சொன்னால் வரும் என்றேன். டிக்கெட் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"எழுதுங்க சார். எல்லாரு பேரயும் போடுங்க. வண்டி நேரத்தையும் போடுங்க."

போட்டுவிட்டேன். முதல் பாகத்தை ஊரெல்லாம் அனுப்பினீர்களே, புண்ணியவான்களே... இதையும் கொஞ்சம் அனுப்புங்கள்.